போர்வைக்குச் சூடு உண்டா?



கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் இந்த நாட்களில் வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களிடமிருந்து நமக்கு வாழ்த்துகள் வருகின்றன. முன்பு மடலாக வந்தவை இப்போது கைப்பேசியில் வருகின்றன. அவற்றில் 'வார்ம் கிரீட்டிங்ஸ்' என்று எழுதியிருப்பார்கள். இதை அப்படியே நம் மொழிக்கு மாற்றி, 'சூடான வாழ்த்துகள்' என்று ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள். 'இவருக்கு நம்மேல் என்ன கோபம்?' என்றுதான் அவர் யோசிப்பார்.

காரணம் எளியது. நம் நாடு வெயில் நாடு. வெயிலில் அலைந்து வந்தவருக்கு நிழலும் நீரும்தான் அன்பு. ஆகவே நம் முன்னோர் அன்பைக் குளிர்ச்சியாகவே கண்டார்கள். நல்ல செய்தி கேட்டால் 'மனம் குளிர்ந்தது' என்கிறோம். பேரப்பிள்ளையைப் பார்த்த பாட்டி 'கண் குளிரப் பார்த்தேன்' என்கிறார். இரக்கம் உள்ளவரை 'நெஞ்சில் ஈரம் உள்ளவர்' என்கிறோம். துயரத்தில் இருப்பவருக்கு நாம் தருவதன் பெயரே 'ஆறுதல்'. கொதிக்கும் கஞ்சி ஆறுவதும், புண் ஆறுவதும், மனம் ஆறுவதும் நமக்கு ஒரே சொல். மறுபக்கம், கடுமையான பேச்சு 'சுடுசொல்', பொறாமை 'வயிற்றெரிச்சல்', வாக்குவாதம் முற்றினால் 'பேச்சு சூடாகிவிட்டது'.

ஆனாலும் நம் மொழியில் மற்றொரு சூடும் உண்டு. தாயின் மடிச்சூடு. கோழி அடைகாக்கும் சூடு. மழையில் நனைந்து வந்த பிள்ளையைத் துவட்டி, பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளும்போது கிடைக்கும் கதகதப்பு. இந்தச் சூட்டைப் பற்றி யாருக்கும் விளக்கம் தேவையில்லை. நாம் எல்லாரும் அதில்தான் வளர்ந்தோம்.

விவிலியத்திலும் இந்த இரண்டும் இருக்கின்றன. எருசலேம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை நகரம். கோடையில் வெயில் கொளுத்தும். குளிர்காலத்தில் சில ஆண்டுகளில் பனிகூடப் பெய்யும். ஆகவே கடவுளை நிழலாகப் பாடிய அதே மக்கள், நெருப்பாகவும் கண்டார்கள். சிறியோர் ஒருவருக்குக் கொடுக்கும் ஒரு கிண்ணம் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்று ஆண்டவர் சொன்னபோது, அது குளிர்ந்த நீராக இருப்பதை அவர் மறக்காமல் குறிப்பிட்டார்.

திருவெளிப்பாடு நூலில் இலவோதிக்கேயா திருச்சபைக்குச் சொல்லப்பட்ட கண்டனம் நமக்குத் தெரியும். குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை, வெதுவெதுப்பாக இருக்கிறாய் என்பது அந்தக் கண்டனம். அந்த ஊருக்கு அருகே எராப்பொலியில் வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. அவை நோயுற்ற உடலுக்கு இதம் தந்தன. மறுபக்கம் கொலோசையில் குளிர்ந்த நீர் கிடைத்தது. அது தாகம் தீர்த்தது. இலவோதிக்கேயாவுக்குக் குழாய் வழியே வந்து சேர்ந்த நீரோ இரண்டுக்கும் உதவாததாக இருந்தது என்று விவிலிய அறிஞர் பலர் விளக்குகிறார்கள். அந்த விளக்கத்தின்படி ஆண்டவர் சூட்டைப் புகழ்ந்து குளிர்ச்சியை இகழவில்லை. யாருக்கும் பயன்படாமல் இருப்பதையே கண்டிக்கிறார்.

ஆக, அன்பு சூடானதா குளிர்ந்ததா என்று நாம் வாதிட வேண்டியதில்லை. எதிரே நிற்பவருக்கு எது தேவை என்பதே கேள்வி. இது மார்கழி. விடியற்காலைத் திருப்பலிக்கு வருபவர்கள் தலையில் துண்டும் மஃப்ளருமாக வருகிறார்கள். ஆகவே இன்று சூட்டைப் பற்றிச் சிந்திப்போம்.

முதலில் ஒரு சிறிய கேள்வி. போர்வைக்குச் சூடு உண்டா?

'உண்டு' என்று சொல்லத் தோன்றும். போர்த்திக்கொண்டால் சூடாக இருக்கிறதே! ஆனால் மீன் சந்தைக்குப் பனிக்கட்டி கொண்டு வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். பனிக்கட்டியின்மேல் மரத்தூளைத் தூவிச் சாக்குகளைப் போட்டு நன்றாக மூடியிருப்பார்கள். போர்வைக்கும் சாக்குக்கும் சொந்தச் சூடு இருந்தால் பனிக்கட்டி உடனே உருகியிருக்க வேண்டும். மாறாக, மூடியதால்தான் அது உருகாமல் நெடுநேரம் நிற்கிறது. மூடுவதற்குத் தெரிந்தது ஒன்றுதான். உள்ளே இருப்பதை வெளியே விடாது, வெளியே இருப்பதை உள்ளே விடாது. உள்ளே பனிக்கட்டி இருந்தால் குளிரைக் காக்கும். உள்ளே உயிருள்ள மனிதர் இருந்தால் அவருடைய சூட்டைக் காக்கும். அந்தச் சூடு அவருடைய உடலுக்குள் பிறந்தது. நாம் உண்ட உணவு உடலில் மெல்ல எரிந்துகொண்டே இருப்பதால்தான், வெளியே வெயிலோ பனியோ, நம் உடல் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் நிற்கிறது. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

வயதானவர்களுக்கு இந்த உள்நெருப்பு மெலிந்துவிடுகிறது. தசை குறைகிறது, உணவு குறைகிறது, நடமாட்டம் குறைகிறது. குளிரில் நடுங்கிச் சூட்டை உண்டாக்கும் திறனும் தளர்கிறது. சில நேரம் குளிர்வதுகூட அவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. பங்குனி வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. சிரிக்க வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்வோம். அவர் நம்மைப் போன்ற உடலோடு உட்கார்ந்திருக்கவில்லை.

அரசர்கள் முதல் நூலின் தொடக்கத்தை வாசித்துப் பாருங்கள். தாவீது முதுமை அடைந்துவிட்டார். துணிமேல் துணியாகப் போர்த்தியும் அவருக்குச் சூடு உண்டாகவில்லை. கோலியாத்தை வீழ்த்தியவர், ஆண்டவரின் பேழைக்கு முன்னால் நடனமாடியவர், இப்போது படுக்கையில் குளிரால் வாடுகிறார். பணியாளர்கள் நாடெங்கும் தேடி ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்து அவர் அருகில் இருக்கச் செய்தார்கள். அந்தப் பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்டதாக நூல் சொல்லவில்லை. அது நம்மை உறுத்த வேண்டும். உறுத்த வேண்டிய இன்னொன்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. தந்தை குளிரில் கிடக்கும் அதே நாட்களில் மகன் அதோனியா தன்னை அரசனாக்கிக்கொள்ள விருந்து வைத்துக்கொண்டிருக்கிறான். தந்தைக்குப் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அவர்களின் கவனமோ அரியணையின்மேல் இருந்தது. போர்வைக்குக் குறைவில்லை. பக்கத்தில் இருக்க ஆளில்லை. நம் வீடுகளில் சொத்துப் பத்திரம் பதிவாகும் காலங்களில் இந்த அதிகாரத்தை வாசிப்பது நல்லது.

வாழ்வின் மறுமுனையில், பச்சிளம் குழந்தைக்கும் இதே நிலை. பிறந்த குழந்தையால் பெரியவர்களைப் போல நடுங்கிச் சூட்டை உண்டாக்க முடியாது. குறைமாதக் குழந்தைக்கு உடலில் கொழுப்பும் குறைவு. அதனால்தான் எடை குறைந்த குழந்தைகளை இன்குபேட்டர் பெட்டிக்குள் வைக்கிறார்கள். 1978ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் ஒரு மருத்துவமனையில் இந்தப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை வைக்க வேண்டியிருந்தது, தொற்று பரவியது. அப்போது எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் ஒரு வழியைத் தொடங்கினார். குழந்தையைத் தாயின் வெற்று மார்பின்மேல் நிமிர்த்தி வைத்து, தோலோடு தோல் படும்படி துணியால் கட்டிவிடுவதே அந்த வழி. கங்காரு தன் குட்டியைப் பைக்குள் வைத்துக்கொள்வதைப் போல இருந்ததால் அதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர் வந்தது.

ஏழைகளுக்கான மாற்று ஏற்பாடு என்றுதான் பலர் அதை முதலில் நினைத்தார்கள். பின்னர் நம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் ஆய்வு நடந்து, 2021இல் அதன் முடிவு வெளியானது. குழந்தையின் நிலை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்தவுடனேயே தாயின் மார்பில் சேர்த்தபோது, முதல் 28 நாட்களில் நேரும் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. சூடு மட்டும் அதற்குக் காரணமல்ல. தாய்ப்பால், தொற்றிலிருந்து காப்பு, தாயின் கண்காணிப்பு என்று பலவும் சேர்ந்தே அந்தப் பலனைத் தந்தன. ஆனால் அவை எல்லாமே தாய் அருகில் இருந்ததால் வந்தவை. தாய் இயலாத நேரத்தில் தந்தையும் பாட்டியும்கூடக் குழந்தையை இப்படி வைத்துக்கொள்ளலாம். நம் பங்கின் இளம் தந்தையர் இதைக் கூச்சமின்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

சகோதரர்களே, சகோதரிகளே, இங்கே கவனியுங்கள். தாயும் சேயும் துணிமேல் துணியாக உடுத்திக்கொண்டு அணைத்துக்கொண்டால் தாயின் சூடு சேய்க்குச் சரியாகப் போய்ச் சேராது. நடுவில் இருக்கும் துணி தடுத்துவிடும். சூட்டைத் தர வேண்டுமானால் நடுவில் உள்ளதை விலக்க வேண்டும்.

வீட்டில் கோழி வளர்த்தவர்களுக்கு இது தெரியும். அடையில் உட்கார்ந்த கோழியைத் தூக்கிப் பார்த்தால் அதன் நெஞ்சுப் பக்கத்தில் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக இருக்கும். இறகு அதன் போர்வை. அந்தப் போர்வை கோழியின் சூட்டைக் கோழிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்; முட்டைக்குப் போக விடாது. ஆகவே தாய்க்கோழி தன் போர்வையில் ஒரு பகுதியை இழக்கிறது. 21 நாட்கள், இரை எடுக்கச் சிறிது நேரம் எழுவதைத் தவிர, வெறுந்தோல் முட்டையில் படும்படி உட்கார்ந்திருக்கிறது. அடையிலிருந்து எழும் கோழி மெலிந்துபோயிருக்கும்.

ஆண்டவர் எருசலேமைப் பார்த்துக் கலங்கியபோது, தம்மைச் சிங்கத்தோடோ கழுகோடோ ஒப்பிடவில்லை. குஞ்சுகளை இறக்கைக்குள் சேர்த்துக்கொள்ள விரும்பும் கோழியோடு ஒப்பிட்டார். மனித உடல் எடுத்தல் என்ற மறைபொருளை விளக்க இறையியலார் பெரிய நூல்களை எழுதியிருக்கிறார்கள். குருமடத்தில் நாமும் அவற்றைப் படித்தோம். ஆனால் அடைக்கோழியின் நெஞ்சைப் பார்த்தால் அதில் பாதி விளங்கிவிடுகிறது. கடவுள் விண்ணிலிருந்தே நம்மை வாழ்த்தியிருக்கலாம். அவரோ தம் மாட்சியின் போர்வையை விலக்கிவிட்டு, நம் தோலைத் தொடும் அளவுக்கு நெருங்கி வந்தார். மாட்டுத் தீவனத்தொட்டியில் கிடத்தப்பட்ட அவருக்குத் துணி சுற்ற ஒரு தாய் தேவைப்பட்டார். இறுதியில் சிலுவையில் அவருடைய உடைகளையும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த நாம் என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு பங்கில் பணியாற்றினோம். டிசம்பரில் அங்கே உறைபனி விழும். விடியலில் புல்வெளி உப்பைத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு மூதாட்டி வந்தார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர். லயன் வீட்டில் தனியாக இருந்தார். "ராவுல குளிரு தாங்க முடியல சாமி" என்றார். நாம் அவர் தலையில் கை வைத்து, "நல்லாப் போத்திக்கிட்டுப் படுங்க பாட்டி. உங்களுக்காக வேண்டிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினோம்.

அப்போது திருப்பொருள் அறையில் எண்பது போர்வைகள் கட்டுக்கட்டாக இருந்தன. வாசலிலிருந்து பத்து எட்டு தூரம். கிறிஸ்துமசுக்கு முன்தினம் உதவி வழங்கும் விழா வைத்திருந்தோம். நன்கொடையாளர்கள் வருவார்கள். பட்டியல் தயாராக இருந்தது. அந்தப் பாட்டியின் பெயரும் பட்டியலில் இருந்தது. ஒருவருக்கு முன்னதாகக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்களே என்று நினைத்தோம். அந்த நினைப்பில் நியாயம் இருப்பதாகவும் பட்டது. விழா நடந்த நாள்வரை எத்தனை இரவுகள் போயின என்று பிறகு எண்ணிப் பார்த்தோம். பதினேழு இரவுகள்.

யாக்கோபு தம் திருமுகத்தில், உடையும் உணவும் இல்லாத சகோதரரிடம், குளிர் காய்ந்துகொள், நன்றாகச் சாப்பிடு என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புபவரைக் கேள்வி கேட்கிறார். நாம் அந்த வாசகத்தைப் பலமுறை பீடத்திலிருந்து விளக்கியிருக்கிறோம். அன்று அந்தச் சொற்களைச் சொன்னவரே நாமாக இருந்தோம். அதோடு ஆசீரையும் சேர்த்துக்கொண்டோம். விடுதலைப் பயண நூலிலும் ஒரு சட்டம் உண்டு. ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவன் வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று கடவுளே கேட்கிறார். கடன் கொடுத்தவனுக்கே இரவுவரைதான் தவணை. விழா நாள்வரை காத்திருக்க அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

கதை அத்தோடு முடியவில்லை. ஜனவரியில் வீடு மந்திரிக்கப் போனபோது அந்தப் பாட்டியின் வீட்டுக்கும் போனோம். நாம் கொடுத்த போர்வை பிளாஸ்டிக் உறையோடு தகரப் பெட்டியின்மேல் மடித்தபடியே இருந்தது. "ஏன் பாட்டி, போத்திக்கிறதில்லையா?" என்று கேட்டோம். "மவன் வந்தா போத்திக்கக் குடுக்கலாம்னு வெச்சிருக்கேன் சாமி. அவன் திருப்பூர்ல இருக்கான். இந்தக் குளிரு அவனுக்குப் பழக்கம் விட்டுப் போச்சு" என்றார். மகன் எப்போது வந்தார் என்று கேட்டோம். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. "இருங்க, சாயத்தண்ணி ஊத்துறேன்" என்று எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தார். விறகு ஈரம், பற்ற நேரமாயிற்று. "சாயங்காலம் நான் அடுப்பு மூட்டுறதில்ல சாமி. ஒத்த ஆளுக்கு எதுக்கு? மத்தியானச் சோறு கிடக்கும், அதைத் தின்னுட்டுப் படுத்துக்குவேன்" என்றார்.

அரை மணி நேரம் அந்த அடுப்பருகே உட்கார்ந்திருந்தோம். பேசியது அதிகமில்லை. அன்று அந்த வீடு சூடானது அடுப்பால். அடுப்பு எரிந்தது ஒருவர் வந்ததால். நாம் விழாவில் கொடுத்த போர்வை பெட்டிமேல் கிடந்தது. அதனால் அந்த வீட்டில் எதுவும் மாறியிருக்கவில்லை. அதன்பின் அந்தப் பங்கில் இருந்த காலத்தில் அந்த வீட்டுக்கு எத்தனை முறை போனோம் என்று கேட்டால், விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று அந்தப் பாட்டி இறைவனிடம் இருக்கிறார். அவரிடம் நாம் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி இருக்கிறது.

போர்வை கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கட்டாயம் கொடுங்கள், விழா நாளுக்குக் காத்திராமல் கொடுங்கள். ஆனால் போர்வைக்குச் சொந்தச் சூடு இல்லை என்பதை நினைவில் வைத்துக் கொடுங்கள். சூடு உயிருள்ளவரிடமிருந்துதான் வருகிறது. அருகில் போகாமல் அதைக் கொடுக்க வழியில்லை. கொடுத்தால் நம்மிடம் கொஞ்சம் குறையும் என்பதும் உண்மைதான். புனித மார்ட்டின், ஆமியான் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலங்கியை இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு. அப்போது அவர் திருமுழுக்குப் பெறக் காத்திருந்த இளம் படைவீரர். மீதிப் பாதியில் அவருக்கும் அந்த இரவு குளிர்ந்திருக்கும். அந்த மேலங்கியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்துதான் சிற்றாலயத்தைக் குறிக்கும் 'சாப்பல்' என்ற சொல் பிறந்தது. பகிர்ந்த போர்வையின் பெயரே ஆலயத்தின் பெயரானது.

இனி ஓர் எச்சரிக்கை. எல்லாக் கதகதப்பும் நல்லதல்ல. 'குளிர் காய்தல்' என்று நம் மொழியில் ஒரு வழக்கு உண்டு. அடுத்தவர் வீடு பற்றி எரியும்போது அதில் குளிர் காய்பவர்கள் இருக்கிறார்கள். இருவர் சண்டையில் ஆதாயம் தேடுவது, ஒரு குடும்பத்தின் அவமானத்தை நான்கு பேர் கூடிச் சுவையாகப் பேசுவது, எல்லாம் குளிர் காய்தல்தான். அப்படிப் பேசும் வட்டத்தில் சிரிப்பு இருக்கும், நெருக்கம் இருக்கும், காப்பியும் இருக்கும். கதகதப்பாகத்தான் இருக்கும்.

பேதுரு அப்படி ஒரு நெருப்பருகே நின்றார். ஆண்டவரைப் பிடித்துச் சென்ற இரவு குளிராக இருந்தது என்று யோவான் நற்செய்தி குறிப்பிடுகிறது. தலைமைக் குருவின் முற்றத்தில் காவலர்களும் பணியாளர்களும் கரியால் தீ மூட்டிக் குளிர் காய்ந்தார்கள். பேதுருவும் அவர்களோடு நின்றார். குளிருக்கு நெருப்பைத் தேடியது குற்றமில்லை. ஆனால் அந்த வட்டத்திலேயே நிற்க வேண்டுமானால், இயேசுவைத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்று முறை சொன்னார்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் கரி நெருப்பைக் குறிக்கும் அந்தச் சொல் இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஒன்று அந்த முற்றம். மற்றொன்று, உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் விடியற்காலையில் மூட்டி வைத்திருந்த நெருப்பு. அதன்மேல் மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. இரவெல்லாம் வலை வீசிக் களைத்து, தண்ணீரில் குதித்து, நனைந்து கரையேறிய பேதுருவுக்கு அந்தக் கரிப்புகையின் மணம் எதை நினைவூட்டியிருக்கும்! ஆண்டவர் அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் சாப்பிட அழைத்தார். சாப்பிட்ட பிறகு, மறுதலித்த அதே மூன்று முறைக்கு ஈடாக மூன்று முறை, தம்மேல் அன்பு உண்டா என்று கேட்டார். குளிர் காய்ந்த இடத்தில் விழுந்தவரை, அதே போன்ற ஒரு நெருப்பருகே உட்கார வைத்துத் தூக்கிவிட்டார். இப்போது பேதுரு யாரையும் மறுதலிக்காமல் அந்த நெருப்பருகே இருக்கலாம்.

நம் குடும்பங்களிலும் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் உண்டு. இந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன், பழைய கணக்கை எடுக்காமல், முதலில் சாப்பிட அழையுங்கள். கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் சாப்பிட்ட பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

திருத்தூதர் பணிகள் நூலில் இன்னொரு நெருப்பும் உண்டு. கப்பல் உடைந்து 276 பேர் மால்ட்டா தீவில் கரையேறினார்கள். மழையும் குளிரும். மொழி தெரியாத அந்தத் தீவு மக்கள் தீ மூட்டி அனைவரையும் வரவேற்றார்கள். யார், எந்த மதம், என்ன குற்றம் என்று விசாரித்துவிட்டுத் தீ மூட்டவில்லை. கைதியாக வந்த பவுலும் சும்மா உட்காரவில்லை. சுள்ளி பொறுக்கிவந்து நெருப்பில் போட்டார். நம் ஊர்களுக்கு வேலை தேடி வந்திருக்கும் வடமாநிலச் சகோதரர்கள் பலர் தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா பகுதிகளிலிருந்து வந்தவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்பவரிடம் இந்த வாரம் பெயரைக் கேளுங்கள். விழா அன்று வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

முடிக்குமுன் நடைமுறையாகச் சில சொல்லவேண்டும். மலைப்பகுதிகளில் உறவினர் உள்ளவர்கள் இதை அவர்களுக்கும் சொல்லுங்கள். குளிருக்காகக் கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டு, அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவர்கள் எழாமலே போய்விடுகிறார்கள். குளிர்காலத்தில் அப்படிப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். வயதானவர்களுக்கு இரவில் சூடான உணவு கொடுங்கள். காலுக்கும் தலைக்கும் துணி வேண்டும். காலையில் எழுந்ததும் அவர்கள் கையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தொட்டுப் பார்க்கத்தான் சொல்கிறோம். அறை வாசலில் நின்று, "என்னப்பா, நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்டால், "நல்லாயிருக்கேன்" என்றுதான் பதில் வரும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் அனுப்பும் பணத்தையும் ஸ்வெட்டரையும் உங்கள் பெற்றோர் மதிக்கிறார்கள். ஸ்வெட்டர் பெரும்பாலும் பீரோவில்தான் இருக்கிறது. ஒரு முறை நேரில் வந்துவிட்டுப் போங்கள். அவர்கள் வீட்டில் மாலையில் அடுப்பு எரியட்டும்.

நம் அன்பியக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர்களை எண்ணிப் பாருங்கள். உதவிப் பட்டியலில் பெயர் எழுதுவதற்காக வேண்டாம். விழாவுக்கு முன் ஒரு மாலை அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். நாமும் வருகிறோம். எந்த நாள், எந்த வீடு என்று சொல்லுங்கள். அன்றைக்கு மேய்ப்புப்பணி அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

எம்மாவு சாலையில் சீடர்களின் உள்ளம் பற்றி எரிந்தது, ஆண்டவர் அவர்களோடு கூடவே நடந்தபோதுதான். தூரத்தில் இருந்த அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர்கள் முகம் வாடித்தான் இருந்தது.

ஆண்டவரே, எங்களை நெருங்கி வந்தவரே, நாங்கள் சொல்லால் மட்டும் போர்த்தி அனுப்பியவர்களிடம் எங்களைத் திருப்பி அனுப்பும். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் நாங்கள் வைத்திருக்கும் போர்வைகளை விலக்கும். உம் குடிலின் குளிரில் நடுங்கும் ஒருவரையாவது இந்த விழாவுக்குள் நாங்கள் கண்டுகொள்ள அருள் தாரும். ஆமென்.